செம்பனைக் குலையை எரிக்கும் முன் அதன் சாம்பலைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் மலேசியாவில் செம்பனை (எண்ணெய்ப்பனை) கழிவை நிலக்கரியோடு கலந்து எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. எண்ணெய் ஆலைகளில் குவிந்து கிடக்கும் குலைக்கும் மட்டைக்கும் விலை கிடைக்கும், இறக்குமதி நிலக்கரி குறையும், கரியமில வாயுவும் குறையும் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல திட்டம்தான், நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அரைப் பக்கச் செய்தியில் சாம்பலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எரிந்த பிறகு மிஞ்சுவது என்ன, அது கொதிகலனுக்குள் எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். எஸ்பிஎம் என்னும் பள்ளி இறுதித் தேர்வு முடித்த கையோடு கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு நிலக்கரி ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன், அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது செந்தூலில் மகள் வீட்டில் இருக்கிறேன். பட்டம் படித்தவள் இல்லை. கப்பலில் இருந்து எடுத்து வந்த நிலக்கரி மாதிரியைக் காயவைத்து, அரைத்து, எரித்து, எடை போட்டு, கணக்கை ஏட்டில் எழுதி மேலே அனுப்புவது என் வேலை. பிற்காலத்தில் சோதனை உலையில் வேலை செய்யும் வாய்ப்பு கிடைத்தது. இந்தக் கடிதத்துக்குக் காரணம் அந்த உலைதான்.

தீபகற்பத்தில் பெரிய நிலக்கரி மின்நிலையங்கள் காப்பார், மஞ்சோங், போர்ட்டிக்சன் பக்கம் ஜிமா, ஜொகூரில் தஞ்சோங் பின் ஆகிய இடங்களில் இருக்கின்றன. நாடு ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி இறக்குமதி செய்கிறது. பெரும்பகுதி இந்தோனேசியக் கரி. ஆஸ்திரேலியா, ரஷ்யா, தென்னாப்பிரிக்காவில் இருந்தும் கப்பல் வரும். முன்பு நம் ரயில்கள் ரவாங் அருகே பத்து ஆராங் சுரங்கத்துக் கரியில் ஓடின. 1960-இல் அந்தச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஒரே சுரங்கத்துக் கரியை வருடக்கணக்கில் எரித்தால் அதன் குணம் அடுப்பில் நிற்பவருக்குப் பழகிவிடும். இன்று அந்த வசதி யாருக்கும் இல்லை. ஒரு கப்பல் இந்தோனேசியாவின் கலிமந்தானில் இருந்து வரும், அடுத்தது வேறொரு கண்டத்தில் இருந்து வரும். 2022 ஜனவரியில் இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதிக்குத் தடை போட்டது நினைவிருக்கும். அப்படி ஒரு மாதம் வந்தால் கிடைக்கிற கரியை வாங்கிக் கலந்து எரிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

மின்நிலையத்தில் நிலக்கரி கட்டியாக எரிவதில்லை. அரவை எந்திரத்தில் முகப் பவுடர் அளவுக்கு அரைபட்டு, சூடான காற்றோடு உலைக்குள் ஊதப்படுகிறது. அரைத்த தூளில் சுமார் 70 சதவீதம் 75 மைக்ரான் சல்லடையில் இறங்க வேண்டும் என்பது பொதுவான அளவு. இறங்காமல் பெருந்தூளாகப் போனால் அது எரிந்து முடிவதற்குள் உலையைத் தாண்டிவிடும், சாம்பலில் கரி மிஞ்சும். தீயின் நடுவில் 1,400 டிகிரிக்கு மேல் இருக்கும். ஒரு துகள் எரிந்து தீர ஓரிரு விநாடி போதும். அதற்குள் இருந்த மண்ணும் இரும்பும் சுண்ணாம்பும் உருகியோ பாதி உருகியோ புகையோடு மேலே போகும்.

அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 700 மெகாவாட் யூனிட் ஒன்று முழுச் சுமையில் ஓடினால் ஒரு நாளைக்கு 6,000 டன்னுக்கு மேல் நிலக்கரி தின்னும். அதில் சாம்பல் 5 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 300 டன். பெரும்பங்கு மெல்லிய தூளாகப் பறந்து கடைசியில் மின்வடிகட்டியில் பிடிபடும், சிமெண்ட் கலவைக்குக்கூடப் போகும். ஒரு பங்கு உலையடியில் விழும். இவை இரண்டும் தொல்லை இல்லை. வழியில் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பங்குதான் தொல்லை கொடுக்கும்.

சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சாம்பல் படிந்தால் போதும். குழாய்க்குள் ஓடும் தண்ணீருக்கு வெப்பம் போகாமல் அது போர்வை போல் மறைத்துக்கொள்ளும். உலையில் இறங்க வேண்டிய வெப்பம் இறங்காமல் புகையோடு மேலே ஏறும். மேலே நீராவியை மறுபடி சூடாக்கும் குழாய்க் கற்றைகள் தொங்குகின்றன. அங்கே வரும்போது இறுகியிருக்க வேண்டிய சாம்பல் துகள் இன்னும் ஒட்டும் பதத்திலேயே வந்து சேரும், கற்றைகளின் இடைவெளியை அடைக்கும். கீழேயும் சும்மா இருக்காது. படிவின் உட்புறம் குழாயின் குளிர்ச்சியில் இறுகி நிற்க, வெளிப்புறம் தீயின் சூட்டில் உருகத் தொடங்கும். உருகிய பரப்பில் அடுத்து வரும் துகள் எல்லாம் ஒட்டும். ஒரு கட்டத்துக்கு மேல் படிவு தன் கனத்தையே தாங்க முடியாமல் பெயர்ந்து விழும். பாய்லர் பக்கத்து ஆட்கள் அதைக் கிளிங்கர் என்பார்கள். உலையின் உயரத்தில் இருந்து ஒரு பெரிய கிளிங்கர் விழுந்தால் அடிக் குழாய்கள் நசுங்கும், கிழியும்.

சரி, இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா? அதற்காகத்தான் ஆய்வகம் இருக்கிறது. கப்பல் நிலக்கரியோடு வரும் சான்றிதழில் ஈரம், சாம்பல், கந்தகம், வெப்ப மதிப்பு எல்லாம் இருக்கும். சாம்பல் உருகும் வெப்பநிலை என்று நாலு எண்களும் இருக்கும். அந்த எண்களை எடுப்பது எனக்குப் பிடித்த வேலை. நிலக்கரியை 815 டிகிரியில் நிதானமாக எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை நைசாக அரைத்து, பசைநீர் விட்டுக் குழைத்து, அச்சில் அழுத்தினால் 2 சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாத முக்கோணக் கூம்பு கிடைக்கும். அதைச் சிறு உலையில் வைத்து மெதுவாகச் சூடேற்றிக்கொண்டே கண்ணாடித் துளை வழியாகப் பார்க்க வேண்டும். முதலில் கூர்முனை மழுங்கும். பிறகு கூம்பு குட்டையாகித் திரளும், அரைக்கோளமாகும், கடைசியில் தட்டையாகப் பரவும். நாலு கட்டத்துக்கும் வெப்பநிலையைக் குறிப்போம். காற்று நிறைந்த சூழலில் ஒரு முறை, ஆக்சிஜன் இல்லாத சூழலில் ஒரு முறை செய்வோம். இரும்பு கூடுதலாக உள்ள சாம்பல் இரண்டாவது சூழலில் சீக்கிரமே உருகிவிடும்.

இந்தச் சோதனையை நான் குறைத்துப் பேசவில்லை. கரியை வாங்குவதற்கும் விற்பதற்கும் அது தேவை. ஆனால் ஒரே சாம்பலுக்கு இரண்டு ஆய்வகங்கள் எடுக்கும் எண்கள் பல பத்து டிகிரி வித்தியாசப்பட்டாலும் தரவிதி அதை ஏற்றுக்கொள்ளும். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. நான் கூம்பு செய்த சாம்பல் நிதானமாக வெந்து, அரைபட்டு, ஒன்றாகக் கலந்தது. கொதிகலன் தீயில் எந்தத் துகளும் அப்படிக் கலப்பதில்லை. கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. ஒரு துகளில் களிமண் மட்டும் இருக்கும், அடுத்ததில் மணல் மட்டும், இன்னொன்றில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கல் மட்டும். இந்தப் பைரைட் நிலக்கரியைவிட மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி உடையது. புகை வளைந்து போகும் இடத்தில் இலகுவான துகள்கள் புகையோடு வளைந்துவிடும். கனமான இரும்புத் துகள் நேரே போய்ச் சுவரில் மோதும், உருகிய நிலையில் இருப்பதால் மோதிய இடத்தில் ஒட்டும். சான்றிதழில் மொத்தச் சாம்பலில் இரும்பு இத்தனை சதவீதம் என்று ஒரே எண் இருக்கும். குழாயில் ஒட்டியதை எடுத்துப் பார்த்தால் இரும்பு அதைப் போல இரண்டு பங்கு, மூன்று பங்குகூட இருக்கலாம்.

ஆகவேதான் சோதனை உலை தேவைப்படுகிறது. நாங்கள் வைத்திருந்தது ஆள் உயரத்தைப் போல சில மடங்கு நிற்கும் ஓர் உருளை, உள்ளே தீ தாங்கும் கல் பூசியது. உச்சியில் தீ, கீழ்நோக்கி எரியும். மணிக்குச் சில பத்துக் கிலோ தூள் நிலக்கரி சுழலும் திருகு ஒன்றின் வழியாக உள்ளே போகும். முதலில் எரிவாயுவில் சூடேற்றி, சுவர் நன்றாகப் பழுத்த பிறகுதான் கரிக்கு மாற்றுவோம். தூள் ஒரே சீராக விழ வேண்டும். ஈரம் ஏறிய நாளில் தூள் தொட்டியில் பாலம் கட்டிக்கொண்டு இறங்காது, பக்கத்தில் நின்று ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியேறும் புகையில் ஆக்சிஜன் 3 முதல் 4 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். இப்படி ஓட்டம் நிலைத்த பிறகு புரோபை உள்ளே விடுவோம்.

புரோப் என்பது ஓர் எஃகுக் குழாய், அவ்வளவுதான். உள்ளே குளிர்காற்று ஓடும். காற்றைக் கூட்டிக் குறைத்து, குழாயின் மேற்பரப்பை உண்மைக் கொதிகலனில் இருக்கும் சூட்டிலேயே நிறுத்துவோம். உலைச்சுவர் போல வேண்டுமென்றால் 400 டிகிரி அளவில், மேல் கற்றை போல வேண்டுமென்றால் 550, 600 டிகிரி அளவில். சில மணி நேரம் தீயின் பாதையில் அது நிற்கும். உள்ளே ஓடும் காற்று எவ்வளவு சூடாகி வெளியே வருகிறது என்பதைத் தொடர்ந்து பதிவு செய்வோம். சாம்பல் படியப் படிய அந்தச் சூடு குறைந்துகொண்டே வரும். எந்த வேகத்தில் குறைகிறது என்பது எனக்குத் தெரிந்து எந்தச் சான்றிதழிலும் வராத தகவல்.

பிறகு புரோபை வெளியே எடுக்கும் நேரம். அதிராமல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படிவு உதிர்ந்துவிடும். ஆறும்போது சில கரியின் படிவு தானாகவே வெடித்துக் கழன்று விழும். அது நல்ல கரி. கொதிகலனிலும் நீராவி ஊதுகுழல் அடித்தால் அப்படியே விழுந்துவிடும். சிலது தூரிகைக்கு உதிரும். சிலதைக் கத்தியால் சுரண்ட வேண்டும். ஒரு சில கரிக்கு, கறுத்த கண்ணாடி போன்ற படிவு எஃகோடு சேர்ந்தே நிற்கும், உளி வைத்துத் தட்டினாலும் வராது. குழாயை அப்படியே பிசினில் பதித்து, குறுக்கே அறுத்து, மெருகேற்றி மின்னணு நுண்ணோக்கிக்கு அனுப்புவோம். எஃகை ஒட்டி மாவு போல ஒரு மெல்லிய அடுக்கு, அதன் மேல் ஒன்றோடொன்று ஒட்டிய மணிகள், வெளியே முழுதாக உருகிய ஓடு. படத்தில் அடுக்கடுக்காகத் தெரியும். கைவிரலில் உருட்டிப் பார்த்ததும் நுண்ணோக்கியில் தெரிந்ததும் ஒத்துப்போகும்போது வரும் நிம்மதி அந்த வேலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சோதனை உலை உண்மைக் கொதிகலன் ஆகாது என்று பொறியாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். சில மணி நேரச் சோதனை சில மாத ஓட்டத்துக்கு ஈடாகாது. அதனால்தான் நன்றாக ஓடிப் பழகிய ஒரு கரியை முதலில் எரிப்போம், புதுக் கரியை அதே நிலையில் அடுத்து எரிப்போம், இரண்டு புரோபையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். புதியது பழையதைவிட மோசமா, எவ்வளவு மோசம் என்பதைச் சொல்ல அது போதும்.

கலவை விஷயத்தில்தான் இந்த உலை தன் விலைக்கு ஈடு கொடுக்கும். மின்கருவிகளில் உலோகத்தை உருக்கி ஒட்டும் சால்டர் கம்பி தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஈயம் 327 டிகிரியில் உருகும், வெள்ளீயம் 232-இல். இரண்டையும் சரியான அளவில் கலந்தால் 183-லேயே உருகிவிடும். சாம்பலும் அப்படித்தான். மணலும் களிமண்ணும் மிகுந்த கரியின் சாம்பல் 1,500 டிகிரி வரை அசையாது. இரும்பும் சுண்ணாம்பும் மிகுந்த கரியின் சாம்பல் 1,200 அளவில் இளகும். இரண்டையும் கலந்தால் நடுவில் எங்கோ நிற்கும் என்று தாளில் சராசரி போடுகிறவர்கள் உண்டு. சில விகிதத்தில் அது இரண்டையும்விடத் தாழ்ந்து போகும். எந்த விகிதத்தில் என்பதை எரித்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

என் தம்பி ஒப்பந்தத் தொழிலாளியாகப் பாய்லர் பக்கம் வேலை செய்தவன். எந்த மின்நிலையம் என்று எழுத விரும்பவில்லை. ஒரு முறை இரண்டு கப்பல் கரியைக் கலந்து எரித்தார்கள். இரண்டுக்கும் சான்றிதழ் சரியாகவே இருந்தது. கலவைக்குச் சராசரிதான் போட்டார்கள், எரித்துப் பார்க்கவில்லை. சில நாளில் எரிவாய்களைச் சுற்றிப் படிவு வளர்ந்தது, உலையடியில் கிளிங்கர் சேர்ந்தது. யூனிட்டை நிறுத்தினால் நட்டம் என்று சுமையை மட்டும் குறைத்துக்கொண்டு, அடிக்கதவைத் திறந்து நீளக் கம்பியால் குத்தச் சொன்னார்கள். குத்திக்கொண்டிருந்தபோது மேலிருந்து ஒரு கட்டி, விழும் சாம்பலை ஆற்ற உலையடியில் வைத்திருக்கும் தொட்டித் தண்ணீரில் விழுந்தது. தண்ணீர் ஆவியாக வெடித்துக் கதவு வழியே அடித்தது. தம்பியின் வலது முன்கையும் கழுத்தும் வெந்துபோயின. முதலில் இரண்டு மாதம் மருத்துவமனை, அப்புறம் வீடு. ஒப்பந்ததாரர் கொடுத்தது சிகிச்சைக்குப் போதவில்லை, அம்மாவின் நகை போயிற்று. அவன் திரும்ப அந்த வேலைக்குப் போகவில்லை.

பிறகு அதே கலவையின் மாதிரி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. சோதனை உலையில் எரித்தோம். ஒரு ஷிப்ட் முடிவதற்குள் புரோபில் கறுப்புக் கண்ணாடி போல் கெட்டிப்பட்ட படிவு நின்றது. கப்பல் துறைமுகத்தில் நின்றபோதே இதைச் செய்திருக்கலாம். அதற்கு ஆகும் செலவு அந்தக் கரியின் விலையில் ஒரு துளி. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. 2017 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் உஞ்சஹார் அனல்மின் நிலையத்தில், 500 மெகாவாட் யூனிட் ஒன்றின் உலையடியில் சாம்பல் கட்டி அடைத்திருந்த நிலையில் கொதிகலன் வெடித்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளிகள். சாம்பல்தானே என்று யாராவது சொன்னால் நான் அதை நினைத்துக்கொள்வேன்.

இனி செம்பனைக்கு வருகிறேன். 2023 ஜூலையில் அரசு வெளியிட்ட தேசிய ஆற்றல் மாற்றத் திட்டத்தில், 2,100 மெகாவாட் தஞ்சோங் பின் மின்நிலையத்தில் உயிர்ப்பொருளை, அதாவது செடிகொடிக் கழிவைக், கலந்து எரிக்கும் முன்னோட்டம் இடம்பெற்றிருக்கிறது. 2027-க்குள் அதைக் குறைந்தது 15 சதவீதமாக உயர்த்தலாம் என்கிறது திட்டம். அந்த அளவு நிலையத்துக்கு 15 சதவீதம் என்றால் நாளுக்குச் சில ஆயிரம் டன் கழிவு. எந்தக் கழிவு என்பதுதான் கேள்வி. செம்பனையில் கொட்டை ஓடு ஒரு ஜாதி. சாம்பல் குறைவு, நன்றாக எரியும். ஆனால் அதை ஜப்பான்காரர்கள் தங்கள் மின்நிலையங்களுக்கு நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பழத்தின் நாரோ, ஆலையின் சொந்தக் கொதிகலனுக்கே போய்விடும். மலிவாக மிஞ்சுவது பழம் உதிர்த்த வெறுங்குலை.

வெறுங்குலைச் சாம்பலை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அப்போதெல்லாம் ஆலையில் குலையைத் தனிச் சூளையில் எரித்து, சாம்பலைத் தோட்டத்துக்கு உரமாக அனுப்புவார்கள். அப்பா அதைச் செம்பனை மரத்தடியில் தூவிவிட்டு வருவார். வியர்வையோடு பட்டால் தோல் எரியும், கை காலில் அங்கங்கே புண்ணாகியிருக்கும். அவ்வளவு காரம். பொட்டாசியம் கொட்டிக் கிடப்பதால்தான் அது உரம். மரத்துக்கு உரமாகும் அதே பொட்டாசியம் கொதிகலனுக்கு ஆகாது. தீயில் அது குளோரினோடு சேர்ந்து ஆவியாகப் பறந்து, மேல் கற்றைகளில் போய்ப் பனி போல் படியும். பொட்டாசியம் குளோரைடு 770 டிகிரியில் உருகும் பொருள். அது ஒட்டுப்பசையாக நின்று மற்றச் சாம்பலைப் பிடித்துக்கொள்ளும், அடியில் எஃகையும் அரிக்கும்.

ஆலைகளில் காலங்காலமாகச் செம்பனைக் கழிவுதானே எரிகிறது என்று கேட்பார்கள். எரிகிறது. ஆலைக் கொதிகலனின் நீராவி அழுத்தமும் சூடும் குறைவு, குழாய்கள் அவ்வளவு சூடேறுவதில்லை. அடிக்கடி நிறுத்தி உள்ளே இறங்கித் தட்டிச் சுத்தம் செய்வதும் வழக்கம். பெரிய மின்நிலையத்தின் நீராவி 540 டிகிரி அளவில் இருக்கும், மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும். ஆலை அனுபவத்தை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.

நிலக்கரியோடு சேர்த்து எரிப்பதில் ஒரு நன்மையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நிலக்கரிச் சாம்பலில் களிமண் இருந்தால் அது பொட்டாசியத்தைப் பிடித்து எளிதில் உருகாத பொருளாக மாற்றிவிடும். கரியின் கந்தகமும் குளோரைடை உடைக்க உதவும். களிமண் மிகுந்த ஆஸ்திரேலியக் கரியோடு 10 சதவீதம் குலையை எரித்து நல்லபடியாக முடிந்தால், இந்தோனேசியக் கரியோடும் அப்படியே முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தோனேசியக் கரியில் சாம்பலே குறைவு, பொட்டாசியத்தைப் பிடிக்கும் களிமண்ணும் அந்த அளவுக்குக் குறைவு. பல கரிகளில் இரும்பும் சுண்ணாம்பும் வேறு கூடுதல். சாம்பல் குறைந்த கரி நல்ல கரி என்று வாங்குகிறவர்கள் நினைப்பது இந்த இடத்தில் செல்லாது. எந்தக் கரியோடு, எந்தக் கழிவு, எத்தனை சதவீதம் என்று மூன்றையும் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சேர்க்கையும் தனித்தனிக் கேள்வி.

டென்மார்க்கில் இதை முறையாகச் செய்தார்கள். வைக்கோலிலும் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். ஸ்டுட்ஸ்ட்ரப் மின்நிலையத்தில் 150 மெகாவாட் கொதிகலன் ஒன்றை 1996 முதல் 1998 வரை இதற்கென்றே ஒதுக்கி, 20 சதவீதம் வரை வைக்கோல் கலந்து எரித்தார்கள். குழாய்ப் படிவையும் அரிப்பையும் புரோப் வைத்து அளந்தார்கள், அளந்ததை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். நம்மிடம் வைக்கோலைவிடச் சிக்கலான குலை இருக்கிறது, டென்மார்க்கைவிடப் பெரிய கொதிகலன்களும் இருக்கின்றன.

நான் கேட்பது இதுதான். மின்நிலையத்துக்குப் போகப்போகும் அதே குலையை, அதை அழுத்திச் செய்த அதே உருண்டைக் கட்டிகளை, அங்கே எரியப்போகும் அதே நிலக்கரிகளோடு முதலில் சோதனை உலையில் எரிக்க வேண்டும். 5 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் புரோபில் என்ன ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். குலையைத் தண்ணீரில் அலசினால் பொட்டாசியத்தில் பெரும்பங்கு கரைந்து போகும், அலசிய குலையையும் அலசாததையும் தனித்தனியாக எரித்து ஒப்பிட வேண்டும். அலசிய தண்ணீர் உரமாகத் தோட்டத்துக்கே திரும்பலாம். இதெல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு யூனிட்டில், மேல் கற்றைகளுக்கு நடுவில் புரோப் வைத்து, மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்கட்டும். முடிவுகளை ரகசியக் கோப்பில் பூட்டாமல் வெளியிட வேண்டும். மின்கட்டணம் கட்டுகிற நாம் எல்லாரும் அதற்குக் காசு கொடுக்கிறோம்.

அந்த முடிவு அலுவலக மாடியோடு நின்றுவிடவும் கூடாது. இன்றைக்கு எந்தக் கலவை எரிகிறது, அது எங்கே படியும், எந்தக் கதவை எப்போது திறக்கக் கூடாது என்று பாய்லர் தளத்தில் நிற்பவருக்கும், கம்பி பிடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு தாள் போக வேண்டும். என் தம்பிக்கு அப்படி ஒரு தாள் யாரும் கொடுக்கவில்லை.

புதிதாக நிலக்கரி மின்நிலையம் கட்டப்போவதில்லை என்று 2021-லேயே அரசு சொல்லிவிட்டதே, ஒழியப் போகும் பொருளுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று என் மருமகன் கேட்டார். இருக்கிற நிலையங்கள் இன்னும் பல வருடம் ஓடும். அதுவும் புதுப்புதுக் கலவையோடு, வயதான குழாய்களோடு ஓடும். நம் பிள்ளைகள் பலர் இன்றும் ஆலையிலும் மின்நிலையத்திலும் பாய்லர் வேலைக்குத்தான் போகிறார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் மாணவர்களில் நாலு பேராவது சாம்பல் படிவைப் படிக்க முன்வந்தால் இந்த நாட்டுக்கே பயன்படும். தோட்டத்தையும் அறிந்து, கொதிகலனையும் அறிந்த ஆட்கள் நம்மிடம் இருப்பது போல் வேறு எங்கும் அதிகம் இல்லை.

செம்பனைக் கழிவுத் திட்டம் பற்றி அடுத்த முறை செய்தி போடும்போது, எந்தக் கழிவு, எந்தக் கரியோடு, சோதனை நடந்ததா என்ற மூன்று கேள்விகளையும் சம்பந்தப்பட்டவர்களிடம் தங்கள் நிருபர் கேட்டு எழுதினால் மிகவும் நன்றியுள்ளவளாக இருப்பேன். என் பெயரும் தொலைபேசி எண்ணும் தனித் தாளில் இருக்கின்றன, தயவுசெய்து வெளியிட வேண்டாம். சாம்பல் சோதனை பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் மாணவர் யாராவது தங்களைத் தொடர்பு கொண்டால், அவருக்கு மட்டும் எண்ணைக் கொடுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.